பீஸ் இல்ல, கொயம்புதான்

1

நேற்றோடு ஒரு வருடம். கறி, மீன், முட்டை மட்டுமல்ல, பால், தயிர், நெய், தேன் எல்லாவற்றையும் விட்டு முழு வீகனாகி ஒரு வருடம். தமிழில் இதற்கு நனிசைவம் என்று ஒரு நல்ல சொல் இருக்கிறதாம். ஊரில் அக்காவிடம் அந்தச் சொல்லைச் சொன்னேன். "அது இன்னா மாத்திரையாடா?" என்று கேட்டாள்.

அந்த ஒரு வருடத்தைக் கொண்டாட நேற்று மாலை வேலை முடிந்து நேராகக் கடைக்குப் போனேன். நான் இருப்பது ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட் பக்கத்தில் ஒரு சிறிய ஊர். சாஸ் வரிசையில் ஒரு பாட்டிலை எடுத்து, மூக்குக்கு நேராகப் பிடித்து, போன் வெளிச்சத்தில் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். கடைப் பெண் ஒருத்தி வந்து, ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டாள். ரொம்ப நேரமாக ஒரே இடத்தில் நிற்கிறேன் என்று அவளுக்குச் சந்தேகம். "இதில் மீன் இருக்கிறது" என்றேன். "இது தக்காளி சாஸ்" என்றாள். பாட்டிலைத் திருப்பி அவளுக்கும் காட்டினேன். ஏழாவது சொல், நெத்திலி. அவள் இரண்டு தடவை படித்துவிட்டு, "நான் இதைத்தான் வாங்குவேன், சைவம் என்று நினைத்து" என்றாள். எனக்கு ஏற்பட்ட ஆனந்தத்தைச் சொல்லி மாளாது. வீடு வரைக்கும் விசிலடித்துக்கொண்டு வந்தேன்.

உங்களுக்கு இது பைத்தியமாகத் தோன்றலாம். என் மனைவி சுமதிக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. அவள் தயிரை விடமாட்டாள், முதல் நாளே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள். நான் இந்தப் பைத்தியத்தில் இறங்கியதற்குக் காரணம் என் மகள் மகிழ். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

2

மூன்று வருடத்துக்கு முன்னால் ஊருக்குப் போயிருந்தோம். என் அக்கா வனஜாவின் வீடு திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகிற வழியில் இருக்கிறது. மகிழுக்கு அப்போது பன்னிரண்டு வயது. கறி சாப்பிடுவதை நிறுத்தி இரண்டு மாதம் ஆகியிருந்தது. பள்ளியில் எதையோ படித்தாள், ஒரு நாள் தட்டைத் தள்ளிவைத்தாள், அவ்வளவுதான். நாங்களும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா ஆட்டுக்கறிக் குழம்பு வைத்தாள். மகிழ் சாப்பிடமாட்டாள் என்று சொல்லியிருந்தேன். அக்கா தலையாட்டினாள். பிறகு கரண்டியால் துண்டுகளை ஒதுக்கிவிட்டு, வெறும் குழம்பை மட்டும் சோற்றில் ஊற்றிக் குழந்தைக்குக் கொண்டுவந்து வைத்தாள். நான் அதைப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டி, "பீஸ் இல்ல, கொயம்புதான்" என்று மெதுவாகச் சொன்னாள்.

இந்த ஒரு வாக்கியத்தை வேறு எந்த நாட்டுக்காரனுக்கும் விளக்க முடியாது. ஜெர்மன்காரன் ஒருவனிடம் சொல்லிப் பார்த்தேன், அவன் திருதிருவென்று விழித்தான். நம் வீடுகளில் அது பொய்க் கணக்கில் சேராது, பிரியம். துண்டு இல்லையென்றால் கறி இல்லை. நானும் பேசாமல் இருந்தேன். அக்கா ஆசையாகச் சமைத்தது, எதற்கு வீண்வம்பு என்று நினைத்தேன்.

நான்காவது வாயில் மகிழின் பல்லில் ஒரு எலும்புத் துணுக்கு மாட்டியது. எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். அழவில்லை. என்னைப் பார்த்து, "உனக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள். நான் தண்ணீர்ச் சொம்பை நகர்த்தி வைத்தேன். அதுவே அவளுக்குப் பதிலாகிவிட்டது.

ஜெர்மனி திரும்பியதும் அவள் தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்ச் சாப்பிட ஆரம்பித்தாள். முதலில் வாரத்தில் இரண்டு நாள். அப்புறம் தினமும். அவளே சமைத்துக்கொள்வாள், அவளே கழுவி வைப்பாள். பதினான்கு வயதில் பாலையும் விட்டாள். அவள் அறையிலிருந்து ஜெர்மன் மொழியில் சிரிப்புச் சத்தம் கேட்கும். எங்களிடம் பேசும்போது தமிழ் சுருங்கிக்கொண்டே வந்தது. ம், சரி, வேணாம். மூன்று சொல்லில் குடும்பம் நடந்தது. சாப்பாட்டு மேசையில் நானும் சுமதியும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாம்பாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம்.

பெற்ற பெண் பத்தடி தூரத்தில் தனியாகச் சாப்பிடுவதைத் தினமும் பார்ப்பது பெரிய தண்டனை. போன வருடம் ஒரு மாலை கதவைத் தட்டி, "இன்றைக்கிலிருந்து நீ சாப்பிடுவதைத்தான் நானும் சாப்பிடுவேன்" என்றேன். அவள் இயர்போனைக் கழற்றிவிட்டு, "உன்னால முடியாது, நீ எதையும் பார்க்கமாட்ட" என்றாள்.

3

நீ எதையும் பார்க்கமாட்ட. யாரைப் பார்த்து என்ன சொன்னாள்? இங்கே வருவதற்கு முன் எட்டு வருடம் மறைமலைநகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தவன் நான். விடியற்காலையில் கம்பெனி பஸ் பிடித்து, ஜன்னலோரம் தூங்கிக்கொண்டே போய் இறங்கினாலும், மேசையில் உட்கார்ந்துவிட்டால் தலைமுடி அளவு பிசகைக்கூடக் கண்டுபிடிப்பேன். தேறாத பாகத்தில் சிவப்பு அட்டையை எடுத்து மாட்டிவிடுவேன். லைன் சூப்பர்வைசர் என்னைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். அப்படிப்பட்டவனிடம் போய்.

ஆனால் முதல் வாரம் என் மானம் கப்பலேறியது. தமிழ்க் கடைக்குப் போய், ஊரிலிருந்து வந்த பிஸ்கட் பாக்கெட்டை வெற்றிப் பெருமிதத்தோடு எடுத்து வந்தேன். பச்சைப் புள்ளி போட்டிருந்தது. நமக்கெல்லாம் பச்சைப் புள்ளி என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாயில் போடலாம். மகிழ் பாக்கெட்டைத் திருப்பி, விரலை ஓரிடத்தில் வைத்துக் காட்டினாள். பால் பவுடர். நம் ஊர்க் கணக்கில் பால் சைவம், அதனால் புள்ளியும் பச்சை. இத்தனை வருடம் எனக்கு இது உறைத்ததே இல்லை. அடுத்து உருளைக்கிழங்கு சிப்ஸ். உருளைக்கிழங்கு, எண்ணெய், மிளகாய்ப்பொடி, இதில் என்ன வந்துவிடப் போகிறது என்று வாங்கினேன். மோல்கன்புல்வர் என்று நடுவில் ஒரு சொல். பால் திரிந்தால் மேலே நிற்குமே தண்ணீர், அதைக் காயவைத்த பொடி. சிப்ஸில் போய் அதை ஏன் போட்டான் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அன்றிரவே ஒரு நோட்டுப் போட்டேன். அதற்குப் பிறகு என்னை நிறுத்த ஆளில்லை. மிட்டாயின் வழவழப்பு ஜெலட்டின், மாட்டுத் தோலும் எலும்பும் கொதிக்கவைத்து எடுப்பது. சிவப்பு நிற ஜாமில் ஈ-120, பூச்சியை நசுக்கி எடுத்த சாயம். ஆரஞ்சுப் பழத்தின் தோல் பளபளவென்று இருந்தால் வலைப்பையின் சீட்டைப் பாருங்கள், ஷெல்லாக் என்று இருக்கும். நம் ஊர் அரக்கேதான், அதுவும் பூச்சி. சீஸில் லாப், அது கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து வருவது. வைட்டமின் மாத்திரையில் ஆட்டு ரோமத்து மெழுகு. தெளிந்த ஆப்பிள் சாறு இருக்கிறதே, அதைத் தெளியவைக்கச் சில கம்பெனிகள் ஜெலட்டின் போடுமாம், அதைச் சீட்டில் எழுதவே மாட்டார்களாம். சீட்டில் எழுதாத ஒன்றை எப்படிக் கண்டுபிடிப்பது? கம்பெனிக்குக் கடிதம் எழுதினேன். பதில் வந்தது. இரண்டு பக்கம். அதை ஒட்டிவைத்திருக்கிறேன்.

இதில் நான் எதிர்பார்க்காத ஒரு லாபமும் வந்தது. குடியுரிமைக்கு விண்ணப்பிக்க பி1 நிலை ஜெர்மன் தேர்ச்சி வேண்டும். பேச்சுத் தேர்வில் இரண்டு முறை மண்ணைக் கவ்வியிருந்தேன். குடியுரிமை அலுவலகத்துப் பெண்மணி என் கோப்பைப் பார்த்ததும் "மறுபடியுமா?" என்று புருவத்தை உயர்த்துவாள். மூன்றாவது முறை போனபோது, எதிரில் இருக்கும் ஆளோடு சேர்ந்து ஒரு பிறந்தநாள் விருந்துக்குத் திட்டம் போடச் சொன்னார்கள். எனக்கு எதிரில் ஒரு துருக்கிக்காரர். பாவம், அவர் கேக் வாங்கலாம் என்று ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார். நான் பிடித்துக்கொண்டேன். அந்தக் கேக்கின் மேல் ஜெல்லி இருக்கிறதா, அதில் ஜெலட்டின் இருக்கிறதா, மாவில் மோல்கன்புல்வர் இருக்கிறதா என்று அருவியாகக் கொட்டினேன். தேர்வாளர் ஒருவர் நடுவில் புகுந்து ஆப்பிள் சாற்றைப் பற்றிக் கேட்டுக் குறித்துக்கொண்டார். பாஸ்.

அந்தச் செய்தியைச் சொன்னபோது மகிழ் அறைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள். தட்டோடு வெளியே வரவில்லை. சிரிப்பு மட்டும் வந்தது, அதுவே எனக்கு அன்றைக்குப் போதுமாக இருந்தது.

4

மார்கழி நடுவில் அக்காவிடமிருந்து போன். அவள் மகள் தீபாவுக்கு மாப்பிள்ளை அமைந்துவிட்டது, தை பிறந்ததும் நிச்சயதார்த்தம்.

"தாய்மாமன் நீ இல்லாம தட்டு மாத்த முடியாது. லீவு கீவு இல்லன்னு பேஜாரு பண்ணாத. கொயந்தய கண்டிப்பா இட்டுகினு வா."

சுமதிக்கு விடுமுறை கிடைக்கவில்லை. மகிழிடம் கேட்டேன். வரமாட்டேன் என்றாள். காரணத்தையும் சொன்னாள். "அங்க எல்லாரும் இல்லன்னு சொல்லிட்டுப் போடுவாங்க. நீயும் பார்த்துட்டுச் சும்மா இருப்ப."

"இந்தத் தடவை அப்படி நடக்காது. நீ வாயில வைக்கிற ஒவ்வொண்ணையும் நான் பார்த்துச் சொல்றேன்."

"ஒண்ணு தப்பினாலும்?"

"ஒண்ணு தப்பினாலும் இனிமே ஊருக்கு வான்னு உன்னைக் கூப்பிடமாட்டேன். எதுக்கும் கூப்பிடமாட்டேன்."

அவள் சரி என்றாள். நான் வீராப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, என்ன பந்தயம் வைத்திருக்கிறேன் என்று விமானத்தில்தான் உறைத்தது. ஒரு கரண்டி நெய்யில் என் பெண்ணுக்கும் என் ஊருக்கும் உள்ள தொடர்பு அறுந்துபோகும்.

5

ஜெர்மன்காரன் எல்லாவற்றையும் சீட்டில் எழுதி ஒட்டிவிடுகிறான், படித்தால் போதும். அக்காவின் சமையலறையில் சீட்டு ஏது?

போய் இறங்கிய மறுநாள் காலையிலேயே அடுப்படியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். இட்லித் தட்டில் மின்னுவது நெய்யா எண்ணெயா என்று விரலால் தொட்டு முகர்ந்தேன். நெய். ரசத்துக்குத் தாளிக்கக் கரண்டியை எடுத்தாள். நெய். இதெல்லாம் நான் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதவை ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தன. வாழைத்தண்டை நறுக்கி, கறுக்காமல் இருக்க ஒரு குண்டானில் ஊறப்போட்டிருந்தாள். வெள்ளையாக இருந்தது. மோர்.

"அதான் கழுவிட்டுத்தானே போடுவேன்?"

"கழுவினாலும் ஊறினது ஊறினதுதானேக்கா?"

வெண்டைக்காய் வதங்கும்போது வழவழப்பு போக ஒரு ஸ்பூன் தயிர் தெளித்தாள், என் கண் முன்னாலேயே, தெளிப்பது அவளுக்கே தெரியாமல். கை தானாகப் போனது. சொன்னதும் கையைப் பார்த்துக்கொண்டாள். வற்றல் டப்பாவைத் திறந்தேன், மிளகாய் வற்றல். தயிரில் ஊறி வெயிலில் காய்ந்தது. நோட்டில் எழுத எழுத எனக்குக் கை பரபரத்தது. மறைமலைநகரில்கூட ஒரே நாளில் இத்தனை சிவப்பு அட்டை மாட்டியதில்லை. பாயசம் வெல்லமும் தேங்காய்ப்பாலும்தான் என்று அக்கா அடித்துச் சொன்னாள். "முந்திரியை எதில் வறுத்தே?" என்றேன்.

அக்கா கரண்டியை மேடையில் வைத்தாள்.

"ஏன்டா, தட்டு மாத்த வந்தியா, இல்ல என் வூட்ல ரெய்டு பண்ண வந்தியா? முப்பது வருசமா சமைக்கிறேன். எவனும் என் எதிர்ல நோட்டு வச்சிகினு குந்தினது இல்ல."

எனக்குச் சுருக்கென்றது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் அதற்குள் பரணில் கையை விட்டு ஒரு புது வாணலியை இறக்கினாள். ஒட்டியிருந்த காகிதம்கூடக் கிழிக்கவில்லை.

"இது நெய்யே படாத சட்டி. நீ வரன்னு சொன்னப்பவே திருக்கழுக்குன்றத்துல வாங்கினேன். அன்னிக்கி அந்தப் பொண்ணு எலும்ப கையில வச்சிகினு பாத்துது பாரு, அது எனக்கு இன்னும் கண்ணுலயே கீது. நல்லெண்ணெயில தனியா தாளிச்சித் தரேன். கூடவே நில்லு, பாரு. ஆனா நோட்ட மூடி வை."

நோட்டை மூடி வைத்தேன். மூன்று நாள் அந்த வாணலியில்தான் மகிழுக்குச் சமையல். முதல் நாள் மகிழ் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கையை வைத்தாள். இரண்டாம் நாள் அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்து வாழைத்தண்டு நறுக்கினாள், உப்புத் தண்ணீரில் போட்டாலும் கறுக்காது என்று போனில் தேடி அத்தைக்குக் காட்டினாள். "இத எனக்கு யாரும் சொல்லலையே" என்று அக்கா வியந்தாள்.

6

நிச்சயதார்த்தம் மாமல்லபுரம் சாலையில் ஒரு சின்ன மண்டபத்தில். கடற்காற்று வந்துகொண்டே இருந்தது, பந்தல் துணி படபடத்தது. சமையல் மாஸ்டரை முந்தின நாளே பார்த்துப் பேசி, மகிழின் இலைக்கு எது வரலாம் எது வரக்கூடாது என்று சொல்லிவைத்திருந்தேன். தாய்மாமனாக நின்று தட்டு மாற்றினேன். பந்தியில் மகிழுக்குப் பரிமாற வந்த ஒவ்வொரு வாளியையும் நிறுத்திக் கேட்டேன். மாப்பிள்ளை வீட்டார் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள், பார்க்கட்டும். அவள் வயிறாரச் சாப்பிட்டாள். இரண்டாம் முறை சாம்பார் கேட்டு வாங்கினாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சந்தோஷத்தில்தான் தாம்பூலத் தட்டைப் பக்கத்தில் இழுத்தேன். வெற்றிலை போட்டால் நாக்கு சிவக்குமா என்று மகிழ் கேட்டிருந்தாள். கொழுந்தாக ஒன்று எடுத்து, காம்பு கிள்ளி, சுண்ணாம்பு துளி தடவி, கொஞ்சம் சீவல் வைத்து நானே மடித்துக் கொடுத்தேன். அவளும் தீபாவும் மென்றுகொண்டே போனில் நாக்கை நீட்டிப் படம் எடுத்தார்கள். அத்தனை சத்தமாக அவள் தமிழில் சிரித்து நான் கேட்டு வருடக்கணக்காகிறது.

அக்காவின் கணவர், மாமா, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இளவயதில் மினி லாரி ஓட்டியவர்.

"மச்சான், எல்லாத்தயும் சோதன போட்டியே, சுண்ணாம்ப உட்டுட்டியே."

"சுண்ணாம்பா? அது கல்லுதானே மாமா?"

"கல்லுல ஆவுறதும் கீது. நம்ம பக்கம் வெத்தலைக்கு வர்றது கிளிஞ்சல். பாலாத்து முகத்துவாரத்துல தோண்டி எடுப்பாங்க. நானே எத்தினி லோடு சூளைக்கு அடிச்சிகீறேன். இந்த டப்பாகூட அங்க இருந்து வந்ததுதான்."

கிளிஞ்சல் என்றால் நத்தை மாதிரி உயிருள்ள ஒன்றின் ஓடு. என் கையால், நானே தடவி, நானே மடித்து.

அக்கா கேட்டுக்கொண்டே வந்து மாமாவின் தோளில் ஒன்று வைத்தாள். "யோவ், சும்மா கெட." பிறகு என்னிடம் குனிந்தாள். "கடுகத்தனை சுண்ணாம்பு, அதுவும் முழுங்கல. கொயந்த இப்பதான் சிரிச்சிகினு கீது. நீ வாயத் தொறக்காத, கேட்டியா?"

அவள் சொன்னதில் நியாயம் இல்லை என்று சொல்லமாட்டேன். நானும் அங்கே உட்கார்ந்து அதே நியாயத்தை நாலு விதமாகச் சொல்லிப் பார்த்தேன். செத்த ஓடாகத்தான் இருக்கும். எந்தப் புத்தகத்தில் சுண்ணாம்பைப் பற்றி எழுதியிருக்கிறது? சொன்னால் என் பந்தயம் போயிற்று, அவள் இனி இந்தப் பக்கம் வரமாட்டாள், தீபா கல்யாணத்துக்கும் வரமாட்டாள். சொல்லாவிட்டால் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அன்றைக்கும் நான் இப்படித்தான் யோசித்துச் சொம்பை நகர்த்தினேன்.

எழுந்து போய் மகிழைத் தனியாகக் கூப்பிட்டேன். மண்டபத்துப் பின்பக்கத்தில், கை கழுவும் குழாய்க்குப் பக்கத்தில் நின்று சொன்னேன். "வெற்றிலையில் தடவின சுண்ணாம்பு கிளிஞ்சலைச் சுட்டுச் செய்ததாம். எனக்குத் தெரியாது. இப்பத்தான் தெரிஞ்சது."

அவள் சிரிப்பு நின்றது. வாயிலிருந்ததைத் துப்பினாள். குழாயைத் திறந்து இரண்டு முறை கொப்பளித்தாள்.

"அது உயிரோட இருந்துச்சா?"

"தெரியல. வெறும் ஓடாவும் இருக்கலாம்."

"வேற யாருக்குத் தெரியும்?"

"அத்தைக்கும் மாமாவுக்கும்."

"நீ சொல்லலன்னா எனக்குத் தெரியவே தெரியாது."

"ஆமாம்."

குழாயை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள். "அந்தக் குழம்பு அன்னிக்கு மட்டும் ஏன் சொல்லல?"

மூன்று வருடமாக நான் பயந்துகொண்டிருந்த கேள்வி அது. "அத்தை முகம் வாடிடுமேன்னு பார்த்தேன்" என்றேன்.

"என் முகத்தைப் பார்க்கல."

"பார்க்கல. தப்புதான்மா."

அவள் துப்பட்டா நுனியால் வாயைத் துடைத்தாள். உள்ளே தீபா அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். மகிழ் இரண்டடி போனாள், நின்றாள், திரும்பினாள்.

"தீபா கல்யாணத்துல இருநூறு பேருக்குச் சமைப்பாங்களே. எல்லாத்தையும் நீ ஒருத்தனே எப்படிப் பார்ப்ப?"

"பார்த்துடுவேன்" என்றேன்.

"வேணாம். பாதி நான் பார்க்கறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.